அட்டையின் எல்லை

திருத்தணியின் வரலாற்றில் ஏப்ரல் 1 என்ற தேதி திரும்பத் திரும்ப வருகிறது. கார்வேட்டிநகர் ஜமீனுக்கு உட்பட்டு வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 1911 ஏப்ரல் 1 அன்று புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 1953ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து அதுவும் பிரிந்தது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் முன்நின்ற வடக்கெல்லைப் போராட்டம், நடுவர் படாஸ்கரின் பரிந்துரை, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரியும் புத்தூரும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. இன்னொரு ஏப்ரல் 1, எல்லைக்கு அப்பால் நிகழ்ந்தது. 2007ல் அந்தத் தேதியில் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியின் அரசு ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ என்ற மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியது. அடுத்த ஆண்டுக்குள் அது ஆந்திரம் முழுவதும் பரவியது. நகரியில் வெள்ளை ரேஷன் கார்டு வைத்திருந்த நெசவாளிக்குத் தனியார் மருத்துவமனையில் இலவச இதய அறுவை கிடைத்த நாளில், சுமார் பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்த திருத்தணி நெசவாளிக்கு அப்படியொரு அட்டை இல்லை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசு மருத்துவமனையா, காப்பீட்டு அட்டையா என்று நம்மூரில் அடிக்கடி எழும் வாதத்தைச் சென்னையில் உட்கார்ந்து பேசுவதைவிட, இப்படி மாநிலம் மாறிய ஓர் எல்லையூரிலிருந்து பார்ப்பது பயனுள்ளது. கோடு இங்கும் அங்கும் நகர்ந்திருக்கிறது; கோட்டின் இரு புறமும் ஒரே சனம், ஒரே தொழில், ஒரே முருகன். மாறியதெல்லாம் அரசு எதற்குப் பணம் கட்டுகிறது என்பதுதான். இந்த ஊரின் கதை காட்டுவதாக நான் நினைப்பது இது: காப்பீடு ஆளுக்குச் சொந்தமானது, மருத்துவமனை ஊருக்குச் சொந்தமானது. இரண்டாவது வலுவாக இருக்கும் இடத்தில்தான் முதலாவதால் பயன் உண்டு. வரிசையை மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும்.

தொண்டை மண்டலத்துக்கு இந்த விஷயத்தில் நீண்ட நினைவு உண்டு. காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே நடந்த ஆதுலர்சாலையின், அதாவது மருத்துவமனையின், கணக்கு அது. படுக்கை 15. மருத்துவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டன். அவரோடு ஒரு அறுவை வைத்தியர், மூலிகை பறித்து வருபவர்கள், மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று எழுதியிருக்கிறது; கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. மேடையில் பெருமை பேசுபவர்கள் இந்தக் கல்வெட்டை விட்டுவைப்பதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுவார்கள்: இந்த மருத்துவமனை வழிப்போக்கர் அனைவருக்குமானது அல்ல, கோயிலைச் சார்ந்த கல்விச்சாலை மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் உரியது. இன்றைய மொழியில் சொன்னால் ஒரு குழுவுக்கான ஏற்பாடு. இருந்தும் அதன் கணக்கு எழுதப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. நோயாளி இன்னார் வந்தால் இவ்வளவு தருவோம் என்று அது எழுதவில்லை. படுக்கையும் ஆளும் மருந்தும் எப்போதும் இருக்க வேண்டும் என்று, நிலத்தின் வருவாயை அதற்கென ஒதுக்கி எழுதியது.

மலைக்கோயில் ஊர்களுக்கு நவீன அரசு முதலில் கொண்டுவந்த மருத்துவமும் இந்த வகைதான். மதராஸ்–பம்பாய் இருப்புப்பாதை 1871ல் முழுமையடைந்தபின், அரக்கோணம்–ரேணிகுண்டா வழியில் இருந்த திருத்தணிக்கு ரயிலிலேயே கூட்டம் வந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் ஆயிரமாயிரம் பேர் சரவணப் பொய்கை என்ற ஒரே குளத்தில் முங்கி, ஒரே கிணற்றில் குடிக்கும் ஊரில் காலரா வந்தால் அது யாருடைய நோய்? சென்னை மாகாணத்தின் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அந்த வகையில் முதலாவது, சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கியது அதனால்தான். குடிநீரில் குளோரின் போடுவது, தடுப்பூசி, தற்காலிகக் கழிப்பறை, சுகாதார ஆய்வாளர் ஆகியவற்றுக்கு எந்தக் காப்பீட்டு நிறுவனமும் பிரீமியம் கணக்கிட முடியாது. தன் பாலிசியில் தனக்கு மட்டும் சுத்தமான சரவணப் பொய்கையை யாரும் வாங்கிக்கொள்ள முடியாது. இந்தப் பகுதியில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்பதால் நீட்டத் தேவையில்லை. ஆனால் தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை தனிப் பணியாளர் அமைப்போடு இன்றும் நிற்பது இந்த மரபால்தான் என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

தகராறு தொடங்குவது ஒருவருடைய நோயை யார் செலவில் ஆற்றுவது என்ற இடத்தில். ஐரோப்பா இதற்கு இரண்டு பதில் சொன்னது. 1883ல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி தொழிலாளியும் முதலாளியும் பணம் கட்டும் கட்டாயக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. 1948ல் பிரிட்டன் வரிப்பணத்தில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்றது. இரண்டும் நமக்கு ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார் உறுப்பினராக இருந்த, போர் என்பவர் தலைமையிலான குழு 1946ல் தந்த அறிக்கை, பணம் கட்ட இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக்கூடாது என்பதைக் கொள்கையாக வைத்தது. இன்றைய ஆரம்ப சுகாதார நிலையங்களின் வித்து அந்த அறிக்கை. மறுபுறம், தொழிலாளர் காப்பீடு பற்றி அதார்க்கர் 1944ல் தந்த அறிக்கையிலிருந்து 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ., பிறந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அது நல்ல ஏற்பாடு: இன்று சம்பளத்தில் அவர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், மருத்துவத்தோடு நோய்க்கால ஊதியமும் கிடைக்கும்.

ஆனால் திருத்தணி வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளி எத்தனை பேர்? பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் எல்லாம் நெசவு ஊர்கள். ஒரு காலத்தில் குழித்தறி, இன்று பெரும்பாலும் விசைத்தறி. வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நாலு தறி. குடும்பமே அதன் தொழிலாளர். பாவும் ஊடையும் வேறொருவர் தருகிறார், நெய்ததற்குக் கூலி வாங்குகிறார்கள். முதலாளி யார், தொழிலாளி யார் என்று சட்டம் கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. பத்துப் பேர் வேலை செய்யும் தொழிற்கூடம் என்ற வரம்பு இந்தக் கொட்டகைகளைத் தொடுவதே இல்லை. கைத்தறிக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கு ஒரு சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம் உண்டு: கூலியில் ரூபாய்க்கு எட்டு காசு நெசவாளி போட்டால் அரசு நாலு காசு போடும். ஏழைக்குக் கட்டிப் பழக்கமில்லை, எல்லாம் இலவசமாகவே வேண்டும் என்பான் என்று பேசுகிறவர்கள் இந்த எட்டு காசைப் பார்க்க வேண்டும்.

நெசவாளியின் உடம்பில் வரும் நோயைக் கிட்டத்தில் பார்த்தால் காப்பீட்டின் சிக்கல் புரியும். குழியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் மிதிகட்டையை மிதிப்பவருக்கு முதலில் போவது முழங்காலும் இடுப்பும். விசைத்தறிக் கொட்டகையில் காது மந்தமாகும். பஞ்சுத் தூசியில் மூச்சு இழுக்கும். ஐம்பது வயதுக்குள் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொள்ளும். இவற்றில் எதற்கும் இவர் மருத்துவமனையில் படுப்பதில்லை. மாதாமாதம் மாத்திரை வாங்குகிறார், அல்லது வாங்காமல் விடுகிறார். நாடு முழுவதும் குடும்பங்கள் கைக்காசாகச் செலவிடும் மருத்துவப் பணத்தில் பெரும்பகுதி மருந்துக்கும் புறநோயாளிச் சிகிச்சைக்கும் போகிறது. படுத்துப் பெறும் சிகிச்சை அதில் சிறிய பங்கு. 2005ல் மத்திய அரசு ஐ.சி.ஐ.சி.ஐ. லொம்பார்டு மூலம் கொண்டுவந்த கைத்தறி நெசவாளர் காப்பீட்டை வடிவமைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய்தான், ஆனால் அதில் 7,500 வரை புறநோயாளிச் செலவுக்கு. பிற்பாடு அது பெரிய தேசியத் திட்டங்களுக்குள் கரைந்துபோயிற்று. 2018ல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் உச்சவரம்பு 5 லட்சம். புறநோயாளிச் செலவுக்கு அதில் இடமில்லை. தொகை பெருகப் பெருக, நெசவாளியின் அன்றாட நோய் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டது. பெரிய எண்ணை மேடையில் அறிவிப்பது எளிது. மாதம் முந்நூறு ரூபாய் மாத்திரைக்கு யாரும் விழா எடுப்பதில்லை.

தமிழ்நாட்டுத் திட்டத்தின் போக்கையும் பார்ப்போம். 2009ல் கலைஞர் காப்பீடு ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனத்தோடு தொடங்கியது; குடும்பத்துக்கு 469 ரூபாய் பிரீமியம், நான்கு ஆண்டுக்குச் சேர்த்து ஒரு லட்சம். 2012 ஜனவரியில் ஜெயலலிதா அரசு அதை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாற்றி, பொதுத்துறையின் யுனைடெட் இந்தியாவிடம் கொடுத்தது; பிரீமியம் 497. 2018ல் ஆயுஷ்மானோடு இணைந்தது. 2022 ஜனவரியில் மீண்டும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தபோது பிரீமியம் 849 ரூபாய், குடும்பங்கள் சுமார் 1.37 கோடி, வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆனது. ஆட்சிகள் மாறியும் திட்டம் நிலைத்தது. இதை இரு கழகங்களுக்கும் சாதனையாகவே சொல்லலாம். ஆனால் பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுக்கு ஏறத்தாழ 1,160 கோடி ரூபாய். அத்தனையும் வரிப்பணம். ஆகவே வரிப்பணத்தில் வரும் நலத்திட்டமா, காப்பீடா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதே பிசகு. ஒரே வரிப்பணம் எதை வாங்குகிறது என்பதுதான் கேள்வி. அது மருத்துவமனையை வாங்கினால் ஆண்டு முடிவில் கட்டிலும் செவிலியரும் ஊரில் இருப்பார்கள். பிரீமியத்தை வாங்கினால் அடுத்த ஆண்டு மறுபடி கட்ட வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் இடர்ப்பாட்டைச் சுமக்கிறதே, அதற்கு விலை உண்டல்லவா என்று கேட்கலாம். சிறிய நிறுவனமோ தனி மனிதரோ என்றால் உண்டு. ஒன்றேகால் கோடிக் குடும்பத்துக்கு மேல் சேர்த்த பிறகு, எந்த ஆண்டில் எத்தனை அறுவை வரும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே கணிக்கக்கூடியது. அந்த அளவுள்ள கூட்டத்துக்கு அரசே தாங்குசக்தி உள்ள காப்பீட்டாளர். ஆந்திரம் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டது. ஸ்டார் ஹெல்த்தோடு தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ சில ஆண்டுகளில் அரசு அறக்கட்டளையே நேரடியாகப் பணம் தரும் முறைக்கு மாறியது. ஆனால் ஆந்திரத்தின் மற்றொரு பாடம் கசப்பானது. அறுவைக்குப் பணம் உண்டு, மருந்துக்கு இல்லை என்றானதும் அறுவைகள் பெருகின. தேவையில்லாமல் கருப்பையை அகற்றும் அறுவைகள் பெரும் புகாராக எழுந்து, கடைசியில் அத்தகைய சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்க வேண்டியதாயிற்று. தனியாரிடம் பணம் கொடுத்து வாங்க முடியாத ஒன்றுக்காக ஆட்சியாளர்கள் அரசு மருத்துவமனையைத் தேடி வந்தார்கள்: கத்தியை எடுக்காமல் இருக்கும் கட்டுப்பாடு.

இதற்கு எதிர்வாதம் வலுவானது, தட்டிவிட முடியாது. திருத்தணியில் இதய அறுவைக்கு இடம் இருந்ததா? 2009க்கு முன் நகைத்தொழிலாளியோ நெசவாளியோ இதயக் குழாய் அடைத்து விழுந்தால், சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் வரிசை ஒரு வழி, வேலூர் சி.எம்.சி. ஒரு வழி, தேவஸ்தானப் பணத்தில் 1993ல் எழுந்த திருப்பதி ஸ்விம்ஸ் இன்னொரு வழி, தறியை விற்பது கடைசி வழி. அட்டை அந்தத் தறியைக் காப்பாற்றியது. தனியார் மருத்துவமனைக் கதவுக்குள் போகவே கூசிய ஒருவரை அது உள்ளே அழைத்துப் போனது. இதை மறுப்பவர் வரலாற்றை மறுப்பவர். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டை எப்படிக் கிடைக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாருங்கள். குடும்ப அட்டை, கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையம். திருத்தணிக்காரருக்கு அது திருவள்ளூர். சிகிச்சை பட்டியலில் இருக்க வேண்டும், மருத்துவமனை பட்டியலில் இருக்க வேண்டும், முன் அனுமதி வர வேண்டும். இதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்றவற்றுக்குப் பட்டியலில் உள்ள பெரிய தனியார் மருத்துவமனைகள் பெரும்பாலும் சென்னை போன்ற நகரங்களில். அறுவை இலவசம், கூட இருப்பவரின் இரண்டு வாரக் கூலிக்கும் சாப்பாட்டுக்கும் அட்டையில் வழியில்லை.

எல்லையில் இது இன்னும் தெளிவாகிறது. நகரிக்காரரின் ஆந்திர அட்டையும் பொதட்டூர்பேட்டைக்காரரின் தமிழ்நாட்டு அட்டையும் ஒன்றல்ல. 2019ல் ஆந்திர அரசு சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தின் சில மருத்துவமனைகளையும் தன் திட்டத்தில் சேர்த்தது. ஆயுஷ்மான் அட்டைக்கும் மாநிலம் தாண்டும் வசதி உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் இரண்டுமே குறிப்பிட்ட சிகிச்சைக்கு, குறிப்பிட்ட மருத்துவமனையில். திருத்தணி அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் எந்த மாநிலம் என்று கேட்டு மருந்து தருவதில்லை. சுற்றுப்புற ஆந்திரக் கிராமத்தாரும் அங்கே வருகிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இந்த இடத்தில் ஒரு நல்ல முன்மாதிரி. தமிழ்நாட்டுச் சாலையில் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர், அட்டை உண்டா என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. தனியார் மருத்துவமனையையும் அது பயன்படுத்துகிறது. ஆனால் உரிமை ஆளின் அட்டையிலிருந்து வரவில்லை, இடத்திலிருந்து வருகிறது. காப்பீடும் பொது மருத்துவமும் சேர்ந்து நடக்க முடியும் என்பதற்கும், எது எதன் கீழ் நடக்க வேண்டும் என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டாம்.

முற்றிலும் தனியார் பாலிசியையே எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும், அரசுக்குச் சுமை குறையும் என்பது இன்னொரு தரப்பு. 1986ல் பொதுத்துறை நிறுவனங்கள் மெடிகிளெய்ம் கொண்டுவந்ததிலிருந்து நகரத்து நடுத்தர வர்க்கம் இதைப் பழகிவிட்டது. 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் நீங்கியது. நடுத்தரக் குடும்பம் எடுத்துக்கொள்ளட்டும், தவறில்லை. ஆனால் சர்க்கரை நோயோடு ஐம்பத்தைந்து வயதில் முதல் பாலிசி கேட்கும் நெசவாளியை எந்தச் சந்தை விரும்பும்? முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலத்தை நான்கு ஆண்டிலிருந்து மூன்றாண்டாகக் குறைக்கவே 2024ல் ஒழுங்குமுறை ஆணையம் தலையிட வேண்டியிருந்தது. வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். கூலி அப்போதுதான் இறங்கும். தேவை அதிகமுள்ளவரிடமே அதிகம் கேட்பது அந்தத் தொழிலின் இயல்பு. அதற்காக அதைத் திட்டுவதில் பயனில்லை, அதை நம்பி ஊரை விடக்கூடாது, அவ்வளவுதான்.

கைக்காசுச் செலவு குறைந்திருக்கிறதே, அது காப்பீட்டால்தானே என்றும் சொல்வார்கள். தேசிய சுகாதாரக் கணக்குப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் கைக்காசின் பங்கு 2013–14ல் 64.2 சதவீதம், 2021–22ல் 39.4. அதே காலத்தில் அரசுச் செலவின் பங்கு 28.6 சதவீதத்திலிருந்து 48 ஆனது. கடைசி ஆண்டு கொரோனா ஆண்டு; தடுப்பூசிக்கும் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அரசு பணத்தைக் கொட்டிய காலம். இறக்கத்தின் பெருமையை அட்டைக்கு மட்டும் எழுதிவைப்பது நியாயமில்லை.

தமிழ்நாட்டில் இந்த வாதம் ஓரளவு சரியான திசையில் போயிருப்பதற்குக் காரணம், அட்டை வருமுன்பே அடித்தளம் இருந்ததுதான். 1995 முதல் மருந்து வழங்கிவரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மூன்று செவிலியரோடு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி எல்லாம் காப்பீட்டுக்கு மூத்தவை. காப்பீட்டுப் பணமே அரசு மருத்துவமனைகளுக்கும் வந்து, கருவி வாங்கவும் ஊழியருக்கு ஊக்கத்தொகை தரவும் உதவுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நெசவாளர் காப்பீடு 7,500 ரூபாயில் செய்யப் பார்த்து விட்டுப்போன வேலை அது. திருவள்ளூர் மருத்துவமனை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தபின், திருத்தணி அரசு மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனையாகத் தரம் உயர்ந்திருக்கிறது. கட்டடம் உயர்ந்த அளவுக்கு நிபுணர் பணியிடங்களும் நிரம்ப வேண்டும். இல்லையேல் அது சென்னைக்கு அனுப்பும் சீட்டு எழுதும் இடமாகவே இருக்கும்.

2022 ஜனவரியில் கையெழுத்தான ஐந்தாண்டுக் காப்பீட்டு ஒப்பந்தம் 2027 ஜனவரியில் முடிகிறது. புதிய பிரீமியத்தைப் பேச உட்காருகிறவர்கள், ஒரு ரூபாய் கூட்டுவதற்கு முன், அந்த ரூபாய்க்குத் திருத்தணி போன்ற ஊரின் மருத்துவமனையில் எத்தனை இதய மருத்துவர், எத்தனை டயாலிசிஸ் கருவி, எத்தனை மாத மாத்திரை கிடைக்கும் என்ற கணக்கையும் மேசையில் வைக்கட்டும். சட்டமன்ற உறுப்பினரிடம் அட்டை கேட்டுப் போகும் நெசவூர்க்காரர்களும் இந்தக் கணக்கைச் சேர்த்தே கேட்க வேண்டும்.